விலை கேட்டால் கௌரவம் குறையுமா?

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலும் விலை கேட்காமல் நாம் பையை விரிப்பதில்லை. பூக்காரி முழம் போடும்போது கண் கொட்டாமல் பார்க்கிறோம். அதே நாம், குடும்பத்தோடு ஓட்டலில் போய் உட்கார்ந்துவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். "நாலு பேர் பார்க்கறாங்க, பேசாம இரு" என்று வீட்டுக்காரர் முழங்கையால் இடிப்பார். இந்தக் கூச்சத்தாலேயே எத்தனையோ குடும்பங்களின் சுற்றுலா, பில் வரும் நேரத்தில் கசந்துபோகிறது.

மே மாத விடுமுறையில் நாங்கள் ஆறு பேர் மாமல்லபுரம் போனோம். நான், கணவர், மாமியார், நாத்தனார், பிள்ளைகள் இருவர். வழக்கமாக எங்கே கிளம்பினாலும் நான் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டி எடுத்துக்கொள்வேன். போன இடத்திலும் பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் நான்தான். ஊரைப் பார்த்தது அவர்கள், வேலை பார்த்தது நான்! இந்தத் தடவை அத்தையே, "ஒரு நாளாவது நீயும் உட்கார்ந்து சாப்பிடும்மா. ஓட்டல்லயே பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் பார்த்துவிட்டு, ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டில் கட்டிய கடற்கரைக் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். 1984ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் என்று நாத்தனார் விளக்கிக்கொண்டிருக்க, "அத்தை, பசிக்குது" என்று பிள்ளைகள் அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

கடலைப் பார்த்தாற்போல இருந்த ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். சர்வர் தம்பி ஒரு தட்டு நிறைய வஞ்சிரம், சங்கரா, இறால் என்று பச்சை மீனையே கொண்டுவந்து காட்டி, "எதை வறுக்கட்டும் சார்?" என்றார். இருப்பதிலேயே பெரிய வஞ்சிரத்தின் பக்கம் இவர் கை நீண்டது. மெனு கார்டிலோ மீனுக்கு மட்டும் விலை போடவில்லை.

"தம்பி, இந்த மீன் என்ன எடை இருக்கும்? வறுத்துத் தர மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். இவர் முகம் சுருங்கிவிட்டது. "நூறு கிராமுக்கு இவ்வளவுன்னு கணக்கும்மா" என்றார் அந்தத் தம்பி. தராசில் வைத்துக் காட்டச் சொன்னேன். சாப்பாட்டுக்கென்று நாங்கள் ஒதுக்கியிருந்த 2,000 ரூபாயையும் அந்த ஒரு மீனே விழுங்கிவிடும் போலிருந்தது! இரண்டு சங்கரா மீனோடு நிறுத்திக்கொண்டோம். சர்வர் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. மே மாதத்தில் பெரிய மீன் விலை ஏன் ஏறுகிறது என்று அவரே சொன்னார். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று, விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. சிறிய படகுகளில் வருவதுதான் அப்போது கிடைக்குமாம்.

பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம். பில் வந்ததும் கணவர், "நீ பாட்டுக்கு ஆர்டர் கொடுத்தியே!" என்று எல்லார் எதிரிலும் மனைவியைக் கடிந்துகொண்டார். இலையில் பாதி மீன் அப்படியே கிடந்தது. அந்தப் பெண் அதற்கப்புறம் தலையை நிமிர்த்தவே இல்லை. எத்தனை நாள் ஆசைப்பட்டு வந்தாளோ!

எங்கள் பில்லிலும் ஒரு வேடிக்கை. 5 சதவீத ஜி.எஸ்.டி. போக, 'சேவைக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை. ஓட்டல்கள் இப்படித் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டில்லி ஐகோர்ட்டும் அது சரியே என்று தீர்ப்பளித்தது. மனமுவந்து கொடுப்பது வேறு விஷயம். இதைக் கல்லாவில் எடுத்துச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் கழித்துக் கொடுத்தார்கள். சொன்னது நானில்லை, முழங்கையால் இடிக்கிற இவர்தான்! மிச்சமான பணத்தில் பாதியை அந்தச் சர்வர் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

தோழியரே, வெளியூரில் சாப்பிட உட்காரும்போது இவற்றை மனதில் வையுங்கள். மெனுவில் விலை இல்லாத அயிட்டத்துக்கு முதலில் விலை கேளுங்கள். மீனென்றால் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள். சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தையைப் போல சைவம் சாப்பிடுபவர் கூட இருந்தால், மீன் வறுத்த எண்ணெயையே பயன்படுத்துவார்களா என்று விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாகச் சொல்லி, தேவைப்பட்டால் மறுபடி வாங்குங்கள். சேவைக் கட்டணத்தைக் கழிக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கட்டணமின்றிப் பேசலாம்.

வருஷத்துக்கு ஒரு நாள் அடுப்படியை விட்டு வெளியே வருகிறோம். அந்த ஒரு வேளைச் சோறு நிம்மதியாக இறங்க வேண்டாமா? வாயைத் திறந்து கேளுங்கள். கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

- ஒரு வாசகி, வேலூர்.