கான்கிரீட்டுக்குள் காற்று

கான்கிரீட் கெட்டியான பொருளாயிற்றே, அதனுள் காற்றுக்கு என்ன வேலை என்று தோன்றும். கலக்கும்போதே காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. குத்தி வெளியேற்றாவிட்டால், தங்கும் ஒவ்வொரு விழுக்காடு காற்றுக்கும் வலிமை ஏறக்குறைய 5 விழுக்காடு குறைகிறது. சென்ட்ரிங் வேலை செய்யும் என் தந்தையார், பலகை பிரித்ததும் தூணில் தேன்கூடு போன்ற பொத்தல்களைக் கண்டால் முகம் சுளிப்பார். மேலே பூசி மறைத்துவிடலாம். ஆனால் அவ்வழியே ஈரமும் உப்புக்காற்றும் நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதைத் தடுக்க முடியாதன்றோ!

1930-களில் அமெரிக்காவில் ஒரு விந்தை தெரியவந்தது. கொழுப்பு, பிசின் போன்றவை சிறிதளவு கலந்த சிமெண்டால் போட்ட சாலைகள் பனிக்காலத்தையும் நன்கு தாங்கின. அவற்றில் எங்கும் பரவியிருந்த நுண்குமிழிகளே காரணம். நீர் உறையும்போது அதன் பருமன் 9 விழுக்காடு பெருகுகிறது. குமிழிகள் அதற்கு இடங்கொடுக்கின்றன. ஆகவே அங்கே வலிமையில் சிறிது இழந்தும், 4 முதல் 7 விழுக்காடு வரை காற்றை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

உறைபனி காணாத நம் சமவெளித் தூணுக்கு அந்தக் காற்று தேவையில்லை. நன்றாகக் குத்த ஓர் ஆள் கூலி கூடுதலாகும். அதை மிச்சம் பிடிக்கவே சிலர் தண்ணீரை ஊற்றிக் கலவையை இளக்குகிறார்கள். அந்த உபரி நீர் உலர்ந்தபின் விட்டுச் செல்வதும் வெற்றிடமே.