இணையக் கலைக்களஞ்சியத்தில் இடைச்செருகல்

ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில், மூலநூலாசிரியர் பாடாத பாடல்கள் நூலினுள் புகுந்துகொண்ட வரலாற்றைத் தமிழ் பயில்வோர் அறிவர். கம்பர் காவியத்தினுள் அவ்வாறு புகுந்தவற்றை வெள்ளி பாடல்கள் என வழங்குவர். பதிப்பாசிரியர் பல சுவடிகளை ஒப்புநோக்கி, ஐயத்திற்குரியவற்றை மிகைப் பாடல்கள் எனத் தனியே பிரித்து வைத்தனர். சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையம் பகுதியினராகிய நமக்கு அண்மையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பாட வேறுபாடுகளுடன் கம்பராமாயணத்தைப் பதிப்பித்து அப்பணியில் பங்கு கொண்டது. சுவடிக் காலம் மறைந்தது. இடைச்செருகல் மறையவில்லை. அஃது இன்று இணையத்தில் வேறு வடிவில் நிகழ்கின்றது. அதனைக் களையும் பணியும் ஏறக்குறையப் பழைய பதிப்புப் பணியாகவே அமைந்துள்ளது.

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி புதியதன்று. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இவை அச்சேறிய நூல்கள். அச்சான பின்னர் எவரும் உள்ளே புகுந்து ஒரு வரியைச் சேர்த்துவிட இயலாது. 2001 சனவரியில் ஆங்கிலத்திலும் 2003இல் தமிழிலும் தோன்றிய விக்கிப்பீடியாவோ கதவே இல்லாத வீடு. படிப்பவர் எவரும் எழுதலாம், எழுதியதைத் திருத்தலாம், அழிக்கலாம். அதன் வலிமையும் அதுவே, இடர்ப்பாடும் அதுவே. எனினும் பழைய ஏட்டில் இல்லாத ஒரு வசதி இங்கு உண்டு. ஒவ்வொரு மாற்றமும் நாளும் நேரமும் குறிக்கப்பெற்று, கட்டுரையின் ‘வரலாறு’ என்னும் பகுதியில் சேமிக்கப்படுகின்றது. வெள்ளி பாடலை எவர், என்று நுழைத்தார் என்பதை அறியப் புலவர்கள் பட்ட பாடு இங்கு இல்லை.

இவ்விடைச்செருகலின் தன்மையை விளக்கத் தக்க சான்றாக ‘உலாவி விளையாட்டு’ என்னும் பொருளைக் கொள்வோம். கணினியில் தனியாக எதனையும் நிறுவாமல், இணைய உலாவியைத் திறந்த அளவிலேயே ஆடத்தக்கவை உலாவி விளையாட்டுகள். 1999இல் வந்த நியோபெட்ஸ், 2001இல் வந்த ரூன்ஸ்கேப், 2004இல் வந்த டிராவியன் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. 2021இல் வெளியாகி, மறு ஆண்டுத் தொடக்கத்திலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழால் வாங்கப்பெற்ற வேர்டில் என்னும் சொல் விளையாட்டும் இவ்வகையினதே. இவை போன்ற சில புகழ் பெற, பெயர் அறியாதன எண்ணிறந்து கிடக்கின்றன. ஒருவர் தம் வீட்டிலிருந்தபடியே ஓர் உலாவி விளையாட்டை உருவாக்கிவிடலாம். கடை வேண்டா, சரக்கு வேண்டா. ஆடுவோர் வந்து சேர ஓர் இணைப்பு மட்டுமே வேண்டும்.

ஆகவே கலைக்களஞ்சியத்தில் இப்பொருள் குறித்த கட்டுரையின் அடியில் ‘வெளி இணைப்புகள்’ என்னும் தலைப்பைக் கண்டவுடன், ஒவ்வொருவரும் தம் விளையாட்டின் முகவரியை அங்கே ஒட்டிச் செல்ல முனைகின்றனர். சுவரொட்டி ஒட்டாதீர் என்று எழுதிய சுவரிலேயே ஒட்டிச் செல்லும் நம்மூர் வழக்கம் நினைவிற்கு வரும். குதிரை, பசு முதலியவற்றைப் பற்றிய கட்டுரைகளுக்கு இத்துன்பம் இவ்வளவு இல்லை. இணைப்பே வாணிகமாக அமைந்த பொருளுக்குத்தான் இணைப்புத் தொல்லையும் மிகுதி.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1998இல் செர்கே பிரின், லாரி பேஜ் ஆகிய இருவர் வெளிப்படுத்திய கூகுள் தேடுபொறியின் அடிப்படைக் கருத்து, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எவ்வளவு சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளப்பதாகும். மதிப்புடைய பக்கம் சுட்டினால் மதிப்பு மேலும் உயரும். பெரியோர் ஒருவர் வாய்ச்சொல்லுக்கு ஊரில் உள்ள எடையைப் போன்றது இது. விக்கிப்பீடியாவில் ஓர் இணைப்பு இடம்பெற்றால் தேடுபொறியில் தம் தளம் முன்னே வரும் என்று வணிகர் கணக்கிட்டனர். இதனைத் தடுக்க ‘நோஃபாலோ’ என்னும் குறியைத் தேடுபொறியினர் 2005 சனவரியில் அறிமுகம் செய்தனர். இக்குறி இடப்பட்ட இணைப்பை மதிப்பீட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டா என்பது பொருள். ஆங்கில விக்கிப்பீடியா 2007 சனவரி முதல் தன் வெளி இணைப்புகள் அனைத்திற்கும் இக்குறியை இட்டது. அத்துடன் தொல்லை ஒழிந்ததா எனின், இல்லை. தேடுபொறி பொருட்படுத்தாவிடினும் படிப்பவன் சொடுக்குவான் அல்லவா? அச்சொடுக்கே போதும் என்று இருப்போர் பலர்.

பதிப்பாளர்கள் இதனை எவ்வாறு எதிர்கொள்கின்றனர்? முதலாவது காவல் மனிதக் கண். ‘அண்மைய மாற்றங்கள்’ என்னும் பக்கத்தில் சற்று முன் நிகழ்ந்த திருத்தங்கள் வரிசையாகத் தோன்றும். தாம் அக்கறை கொண்ட கட்டுரைகளைக் ‘கவனிப்புப் பட்டியலில்’ இட்டு வைப்போரும் உண்டு. தகாத இணைப்பைக் கண்டால் முந்தைய நிலைக்கு மீட்டுவிடுவர். அடுத்து, கட்டுரையின் உள்ளேயே, திருத்துவோர்க்கு மட்டும் தெரியும்படி, இங்கே இணைப்புச் சேர்க்குமுன் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள் என்னும் மறைகுறிப்பு எழுதி வைப்பர். படிப்போருக்கு இக்குறிப்புத் தெரியாது, ஒட்ட வந்தவருக்கே தெரியும். இது நயமான ஏற்பாடு. புதியவர் இணைப்புச் சேர்க்க முற்பட்டால், மனிதர்தாமா என அறிய, சிதைந்த எழுத்துகளைப் படித்துத் தட்டச்சிடும் சோதனையும் வைக்கப்பட்டுள்ளது. ஆங்கிலப் பதிப்பில், ஐயத்திற்குரிய தளங்களின் இணைப்பைப் புதியவர் இட்டால் தானே நீக்கிவிடும் எக்ஸ்லிங்க்பாட் என்னும் தானியங்கி நிரலும் பணியாற்றியுள்ளது. எதற்கும் அடங்காத தள முகவரிகள் தடைப்பட்டியலில் ஏறும். அனைத்து மொழிகளுக்கும் பொதுவான தடைப்பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் ஏறிய முகவரியைத் தமிழ்க் கட்டுரையிலும் சேமிக்க இயலாது.

கருவிகளைவிட வாதங்களே கடினமானவை. நீக்கப்பட்டவர் பேச்சுப் பக்கத்திற்கு வந்து, ‘அவருடைய விளையாட்டின் இணைப்பு இருக்கின்றதே, என்னுடையது மட்டும் ஏன் கூடாது?’ என்று கேட்பார். கேள்வியில் நியாயம் உண்டு. பதிப்பாளர் தரும் விடை பெரும்பாலும் மற்றதையும் நீக்குவதாகவே அமையும். கலைக்களஞ்சியம் இணைப்புகளின் கிடங்கு அன்று என்பது விக்கிப்பீடியாவின் கொள்கை. எடுத்துக்காட்டுப் பட்டியல்களுக்கும் ஓர் அளவுகோலைப் பெரும்பாலும் கொள்வர். எந்த விளையாட்டைப் பற்றித் தொடர்பில்லாத நாளிதழ்களும் நூல்களும் எழுதி, அவற்றின் துணையால் தனிக் கட்டுரை எழுதப்பெற்றுள்ளதோ, அதன் பெயரே பட்டியலில் நிற்கும். இவ்வளவுகோலில் ஒரு குறையும் உண்டு என்பது எம் கருத்து. ஆங்கில நாளிதழ்கள் கண்ணெடுத்துப் பாராத சிற்றூர் முயற்சி ஒன்று, உண்மையிலேயே நல்லதாயினும், வெளியே நின்றுவிடும். எனினும் அளவுகோலே இல்லாதிருப்பதினும் குறையுள்ள அளவுகோல் நன்று.

நீக்கலும் சேர்த்தலும் மாறிமாறி நிகழ்ந்தால் அது திருத்தப் போராகும். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்திற்குள் ஒருவர் மூன்று முறைக்கு மேல் மீட்டல் கூடாது என்பது ஆங்கிலப் பதிப்பின் விதி. வெளிப்படையான நாசவேலையை நீக்குதல் போன்ற சிலவற்றிற்கு விலக்கு உண்டு. இங்கே பதிப்பாளரின் மிகையார்வமும் கவனத்திற்குரியது. புதிதாக வந்த மாணவர் ஒருவர் பயனுள்ள பக்கம் ஒன்றை அறியாமையால் தவறான இடத்தில் சேர்த்திருக்கலாம். அவரையும் வணிகரையும் ஒரே தட்டில் நிறுத்தினால் அவர் திரும்பி வரமாட்டார்.

ஒரு நூலினுள் பொருள் உதவியோரின் பெயர் இடம்பெறுவதே குற்றமோ என ஒருவர் வினவலாம். கம்பர் சடையப்ப வள்ளலைத் தம் காவியத்துள் நினைவு கூர்ந்தார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் வாழ்ந்து தம்மை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரைத் தம் காப்பியத்தினுள் போற்றினார். அவை நன்றி. புலவர் தாமே எழுதியவை. எதற்காக எழுதினார் என்பதும் அனைவரும் அறிந்தது. ஈண்டு நாம் பேசுவது, எழுதியவர் அறியாமல், படிப்பவர் அறியாமல், மூன்றாமவர் தம் ஆதாயத்திற்காக நுழைக்கும் வரியைப் பற்றியது.

இது வெறும் ஒழுங்குச் சிக்கலாக நின்றுவிடவில்லை. உலாவி விளையாட்டுகள் பல ஃபிளாஷ் என்னும் மென்பொருளைக் கொண்டு இயங்கின. அதனை வழங்கிவந்த அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. ஃபேஸ்புக்கில் பலர் ஆடிய ஃபார்ம்வில் விளையாட்டும் அன்றே நின்றது. பழைய தளங்கள் பல கைவிடப்பட்டன. கைவிடப்பட்ட முகவரியை எவரும் விலைக்கு வாங்கலாம். அவ்வாறு வாங்கிச் சூதாட்டத் தளமாக மாற்றுவது இணைய வணிகத்தில் அறியப்பட்ட தந்திரம். இதில் கலைக்களஞ்சியக் கட்டுரையில் எவரும் எதனையும் மாற்றுவதில்லை. நேர்மையாகச் சேர்க்கப்பட்ட பழைய இணைப்பு அப்படியே இருக்கும். சொடுக்கினால் மட்டும் சிறுவர் விளையாட்டு இருந்த இடத்தில் பணம் கட்டி ஆடும் ரம்மி திறக்கும். ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைக் காவல் காப்போர் கண்ணில் இது படாது.

பணம் கட்டி ஆடுவதால் குடும்பங்கள் அழிந்ததைத் தமிழகம் கண்டது. நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழு 2022 சூனில் அறிக்கை அளித்தது. அவ்வாண்டு அக்டோபரில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் முன்வரைவைச் சட்டப்பேரவை நிறைவேற்றியது. ஆளுநர் அதனைத் திருப்பியனுப்ப, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. சூதாட்ட விளம்பரத்தையும் அச்சட்டம் தடுத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் தற்செயல் ஆட்டங்களாகக் கருதிய பகுதியை நீக்கி, எஞ்சியதை ஏற்றது. பின்னர் 2025 ஆகத்தில் நடுவணரசு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. சட்டம் விளம்பரத்தை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் தடுக்கலாம். கட்டுரையின் அடியில் கிடக்கும் பழைய முகவரியை எந்த அதிகாரி தேடிச் செல்வார்? கல்விக்கு உதவும் என நம்பித் தந்தை வாங்கித் தந்த கைப்பேசியில் மாணவன் அதனைத் திறக்கின்றான்.

ஆங்கிலத்தைக் காக்கக் கண்கள் பல. தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. நாள்தோறும் அவற்றைக் கண்காணிப்போர் அந்த அளவிற்குப் பெருகவில்லை. நம் கீரப்பாளையம் ஊராட்சி ஒன்றியத்திற்கும் அதில் கட்டுரை உண்டு. அதன் கீழ் உள்ள இணைப்புகளை இங்குள்ளோர் பார்க்காவிடில் வேறெவர் பார்ப்பார்? செய்யும் முறையும் எளிது. இணைப்பைச் சொடுக்கிப் பார்த்தல் வேண்டும். பக்கம் மாறியிருந்தால், ‘வரலாறு’ பகுதியில் அது சேர்க்கப்பட்ட நாளைக் குறித்துக்கொள்ளலாம். இணைய ஆவணகம் என்னும் நிறுவனம் பழைய இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்து வருகின்றது. அந்நாளையொட்டிய படி அங்கே கிடைத்தால், மாறிப்போன முகவரியை எடுத்துவிட்டு, அப்படியின் முகவரியை இடலாம். கிடைக்காவிடில் இணைப்பை நீக்கி, நீக்கியதன் காரணத்தைத் திருத்தச் சுருக்கத்தில் ஒரு வரியில் எழுத வேண்டும்.