மூக்குக்கு மேலே ஒரு சல்லடை

2024 ஜூலையில், திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் இளைஞர் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனார். அவர் குளித்த குளத்தில் குளித்த வேறு சிலரும் அடுத்தடுத்துப் படுத்தார்கள். காரணம் அமீபா. குளத்து நீரில் வாழும் ஓரணு உயிர், எலும்புக்குள் பத்திரமாக இருக்கும் மூளைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

மண்டையோடு முழுக்க மூடியதல்ல. 22 எலும்புகள் சேர்ந்த அந்தக் கூட்டின் அடித்தளமெங்கும் துளைகள். தண்டுவடத்துக்குப் பெருந்துளை, பார்வை நரம்புக்கு ஒன்று, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்கு ஒன்று. அநேகமாக எல்லாமே உறைகளால் நன்கு அடைபட்டவை. ஓர் இடம் மட்டும் வேறு மாதிரி.

இரு கண்குழிகளுக்கும் நடுவே நெய்யரி எலும்பு இருக்கிறது. அதன் மேல்தகடு மூக்குக்குக் கூரை, மூளையின் முன்பகுதிக்குத் தரை. காய்ந்த மண்டையோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தகடு சல்லடையாகத் தெரியும். பொடித் துளைகள் வழியே ஒளி புள்ளிபுள்ளியாக வரும். அந்தத் துளைகளில்தான் முகர்வு நரம்பின் இழைகள் மேலேறுகின்றன. தலையில் பலமாக அடிபட்ட சிலருக்கு மணமே தெரியாமல் போவது, அதிர்ச்சியில் இந்த இழைகள் அறுந்துவிடுவதால்.

என்னை மலைக்கவைப்பது இதுதான்: கண்ணில் விழித்திரைக்கு முன்னால் கருவிழிப்படலம் இருக்கிறது, காதில் செவிப்பறை இருக்கிறது. மூக்கிலோ நரம்பணுவின் நுனியே சளிப்படலத்துக்கு வந்து, நாம் இழுக்கும் காற்றைத் தொடுகிறது. மல்லிகை மணக்க வேண்டுமானால் மூளை இவ்வளவு தூரம் வெளியே வந்தாக வேண்டும். தேய்ந்துபோகும் இந்த அணுக்களுக்குப் பதில் ஆயுள் முழுக்கப் புதியவை முளைத்துக்கொண்டே இருக்கின்றன.

அமீபாக்களில் கொடியதான நெக்லேரியா ஃபௌலெரி பிடித்துக்கொள்வதும் இதே பாதையைத்தான். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அதைக் குடித்தால் இந்நோய் வராது. மூக்கில் ஏறினால், நரம்பிழையோடு சல்லடையைத் தாண்டி மூளைக்குள் போய்விடும். உலகளவில் இந்தத் தொற்று கண்டவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, 2024இல் அமீபா மூளைக்காய்ச்சலோடு திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த 10 பேர் பிழைத்து வீடு திரும்பியது சாதாரணமல்ல. காலா அசார் என்னும் நோய்க்குத் தரும் மில்டெஃபோசின் உள்ளிட்ட மருந்துகள் கைகொடுத்தன. அதைவிட, முதலிலேயே சந்தேகப்பட்டுச் சோதித்தது கைகொடுத்தது. முதுகில் ஊசி போட்டு எடுத்த மூளைத் தண்டுவட நீரை உடனே நுண்ணோக்கியில் பார்த்தால், அமீபா உயிரோடு நகர்வதே தெரியும். அதனால் குளத்திலோ ஆற்றிலோ குளித்த சில நாளில் காய்ச்சலும் கடும் தலைவலியும் வந்தால், குளித்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும்.