கதை விளையாட்டை நடத்துவது எப்படி?

பத்தாம் வகுப்பு மாணவி

மழை பெய்யும் விடுமுறை நாளில் நாம் தாயமோ பல்லாங்குழியோ ஆடுவோம். அவற்றைப் போலவே வீட்டிற்குள் உட்கார்ந்து ஆடக்கூடிய இன்னொரு விளையாட்டு உண்டு. இதில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதில்லை. அனைவரும் சேர்ந்து ஒரு கற்பனைக் கதைக்குள் வாழ்ந்து பார்ப்பார்கள். 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற பெயரில் இதனை உருவாக்கி வெளியிட்டனர்.

ஆடும் முறை எளிது. ஒருத்தி கதைத் தலைவி. மற்றவர்கள் படகோட்டி, வைத்தியச்சி என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். தலைவி ஒரு சூழ்நிலையைச் சொல்லி, “இப்போது என்ன செய்வாய்?” என்று கேட்பாள். செய்ய நினைத்தது நடக்குமா என்ற ஐயம் எழுந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும்.

அமெரிக்கர்கள் இருபது முகப் பகடையை உருட்டுகிறார்கள். நொச்சிக்குப்பத்தில் எங்களுக்கு ஆயாவின் தாயக்கட்டைகளே போதும். ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகங்கள். ஆகவே இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். இரண்டும் வெறுமையானால் 12. எளிய செயலுக்கு 3 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றால் 16இல் 11 வாய்ப்பு. கடினமான செயலுக்கு 5 அல்லது அதற்கு மேல் என்றால் 4 வாய்ப்புதான். எண் குறைந்தால் கதை நின்றுவிடக் கூடாது. வேறு வழியில் திரும்ப வேண்டும்.

எங்கள் முதல் கதையில், கலங்கரை விளக்கத்தின் ஒளியை ஒரு கடற்பூதம் திருடிவிட்டது. பெரிய சண்டை ஒன்றை நான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் ஒரு தோழி, “பூதத்துக்குக் கருவாட்டுக் குழம்பு கொடுத்து, ஏன் திருடினாய் என்று கேட்பேன்” என்றாள். ‘முடியாது’ என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு மனம் மாறிக் கட்டையை உருட்டச் சொன்னேன். 12 விழுந்தது! பூதம் அழுதுகொண்டே, “எனக்கு இருட்டென்றால் பயம்” என்றது. நான் எழுதிய சண்டையைவிட அதுவே எல்லோருக்கும் பிடித்திருந்தது.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் பாத்திரங்களை அறிமுகப்படுத்துவான், கேள்வி கேட்பான், சிரிக்க வைப்பான். ஆனால் கதை அவனுடையதன்று. தலைவியும் அப்படித்தான். அதிகம் பேசுபவளே ஆடிக்கொண்டிருந்தால், மௌனமாக இருப்பவளின் பெயரைச் சொல்லி அழைத்து அவளிடமும் கேட்க வேண்டும்.

நான் செய்த பெரிய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கதையில், திகிலூட்டுவதாக நினைத்து, பேரலை வந்து குப்பத்தை விழுங்குவதாகச் சொன்னேன். ஒரு தோழி எழுந்து வெளியே போய்விட்டாள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் அவள் தன் பெரியம்மாவை இழந்தவள். நாங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் அந்தத் துயரம் அவள் வீட்டில் இன்றும் இருக்கிறது. நான் கட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு, அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று முதல், ஆட்டம் தொடங்குமுன், “கதையில் எது வரக் கூடாது?” என்று ஒவ்வொருவரையும் கேட்கிறேன். காரணம் கேட்பதில்லை. நடுவில் யாராவது கையை உயர்த்தினால் அந்தக் காட்சியை அங்கேயே மாற்றிவிடுகிறேன்.

தலைவி என்றால் ஆட்டி வைப்பவள் என்று முதலில் எண்ணியிருந்தேன். தம் சீடர்களின் பாதங்களைக் கழுவிய நம் ஆண்டவர் காட்டிய தலைமை வேறு. அதை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை படித்திருந்தும், திண்ணையில் தாயக்கட்டை உருட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தோழி அடுத்த வாரமே திரும்பி வந்தாள். இப்போது எங்கள் கதைத் தலைவி அவள்தான்!