குஷிங் வந்த மட்டக்குதிரையில் சவாரி செய்யலாமா?

பிரிட்டனில் ஜூன் மாதம் என்றால் குதிரைகளெல்லாம் குளிர்கால முடியை உதிர்த்துவிட்டு மினுமினுக்கும். அப்போதும் ஒரு வயதான மட்டக்குதிரை மட்டும் சுருட்டை முடியோடு வியர்த்துக்கொண்டு நின்றால், குஷிங் நோயைச் சந்தேகிக்க அதுவே போதும். 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இது வருகிறது.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் நடுப்பகுதியை அடக்கி வைப்பது டோபமைன். வயதாக ஆக அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் நலிகின்றன; சுரப்பி கட்டுப்பாடில்லாமல் ஹார்மோன்களைக் கொட்டுகிறது. ஓயாமல் தண்ணீர் குடிப்பது, முதுகுச் சதை வற்றி வயிறு தொங்குவது, புண் ஆறாமல் இழுப்பது எல்லாம் அதனால்தான். இரத்தத்தில் ஏசிடிஎச் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்து நோயை உறுதி செய்வார்கள். இலையுதிர் காலத்தில் நல்ல குதிரைக்கும் அந்த அளவு ஏறும் என்பதால், எந்த மாதத்தில் எடுத்த இரத்தம் என்பதும் முக்கியம்.

நோய் குணமாகாது, அடக்கி வைக்கலாம். அதற்குத் தினமும் பெர்கோலைடு மாத்திரை, ஆயுள் முழுக்க. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு வழக்கமாக அரை மில்லிகிராமில் தொடங்குவார்கள். தீனியில் கலந்து வைத்தால், தீனியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடும் சாமர்த்தியசாலிகள் இவை. கேரட் துண்டைக் கீறி உள்ளே வைத்துக் கையால் கொடுங்கள். கர்ப்பிணிகள் கையுறை இல்லாமல் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

உண்மையான ஆபத்து குளம்பில்தான் இருக்கிறது. இந்த நோயோடு இன்சுலின் கோளாறும் சேர்ந்தால், குளம்பின் ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு நலிந்து லேமினைட்டிஸ் வரும். எனவே சர்க்கரையும் மாவுச்சத்தும் குறைந்த தீவனம், ஊறவைத்து வடித்த உலர்புல், அளந்து விடும் மேய்ச்சல். உறைபனி விழுந்த காலையில் வெயிலடித்தால் புல்லில் சர்க்கரை ஏறியிருக்கும். அன்று மேய விடாதீர்கள்.

சேணம் எடுக்கும் முன் கணுக்காலின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரல் வைத்துப் பாருங்கள். நாடி தேடித்தான் அகப்பட வேண்டும். தொட்டதும் ஓங்கி அடித்தாலோ, கெட்டித் தரையில் திரும்பும்போது குதிரை காலைத் தயங்கித் தயங்கி வைத்தாலோ சவாரி வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். லேமினைட்டிஸ் வந்து தேறிய குதிரை, வலி மருந்து இல்லாமல் சீராக நடக்கும்வரை அதன் முதுகில் ஏறக் கூடாது.

குளம்பு நன்றாக இருந்தால் தாராளமாக ஏறலாம். ஏறவும் வேண்டும் என்பேன்: உழைப்பு இன்சுலினைச் சீராக்கும், சதையைக் காக்கும். நடையில் தொடங்கி மெல்ல மெல்லத் துள்ளுநடைக்குப் போங்கள். முதுகுச் சதை வற்றினால் போன வருடச் சேணம் இந்த வருடம் முதுகெலும்பை அழுத்தும். சேணம் பொருத்துபவரிடம் சில மாதங்களுக்கு ஒருமுறை காட்டுங்கள். அடர்ந்த முடியைக் கோடையிலும் கத்தரித்துவிட வேண்டும், இல்லையேல் சிறு ஓட்டத்திலேயே சூடு ஏறித் தவித்துப்போகும்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் பெர்கோலைடு இருக்கிறது. உங்கள் போட்டியின் விதி என்னவென்று பெயர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். போட்டிக்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.