புலி: சின்னத்திலும் காட்டிலும்

மலேசிய நாட்டுச் சின்னத்தின் இருபுறமும் புலிகள் நிற்கின்றன. ஜொகூர் மாநிலச் சின்னத்திலும் அவ்வாறே. தமிழருக்கும் இவ்விலங்கு புதியதன்று. குறிஞ்சி நிலத்தின் கருப்பொருள்களுள் புலியும் ஒன்று. புலிப்பல் கோத்த தாலியைப் பிள்ளைகளுக்கு அணிவித்த வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. புலியோடு போரிட்டு மாண்ட வீரர்களுக்கு எடுத்த 'புலிகுத்திக் கற்கள்' கொங்கு நாட்டில் இன்றும் உள்ளன. சோழரின் இலச்சினையும் புலியே. 1025-இல் கடாரத்தின்மீது படையெடுத்த முதலாம் இராசேந்திரனின் கொடி புலிக்கொடிதான்.

புலியே இல்லாத நடு அமெரிக்காவில் இந்த இடத்தை ஜாகுவார் பெற்றது. மாயர் அதனை அரச வலிமையின் அடையாளமாகக் கொண்டனர். அஸ்டெக் வீரர்களுள் சிறந்தோர் ஜாகுவார் உருவில் உடையணிந்து போருக்குச் சென்றனர். மனிதன் எதற்கு அஞ்சினானோ அதனையே போற்றினான் போலும்.

அந்த அச்சத்திற்குக் காரணம் இவ்விலங்குகளின் உடலமைப்பே. இருளிலும் காணும் கண், உள்ளிழுத்துக்கொள்ளும் நகம், ஓசையற்ற நடை ஆகியவை இரண்டிற்கும் பொது. ஜாகுவாரின் உடலில் வளையப் புள்ளிகள். புலியின் உடலில் வரிகள். மானின் கண்ணுக்குச் செம்மஞ்சளும் பச்சையும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆகவே, புதரில் பதுங்கிய புலியை மான் எளிதில் அறியாது.

நம் கைரேகையைப் போல, வரிகளும் புலிக்குப் புலி வேறுபடும். காட்டில் பொருத்திய தானியங்கிக் கேமராக்களின் படங்களில் அவ்வரிகளைக் கொண்டே ஆய்வாளர்கள் புலிகளை அடையாளம் காண்கின்றனர். 2004-இல் மரபணு ஆய்வு தனித் துணையினமாக வகைப்படுத்திய மலாயாப் புலி, 1950-களில் ஏறத்தாழ 3,000 இருந்ததாக மதிப்பிடப்பட்டது. 2022-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி 150-க்கும் குறைவு!

காரணம் என்ன? காடுகள் அழிந்தன, சுருக்குக் கண்ணிகள் பெருகின, இரையாகும் மிளாமான்கள் குறைந்தன. செடெனாக் வட்டாரத்தையே பாருங்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இப்போது தரவு மையங்களும் எழுந்துள்ளன. தோட்டமும் பசுமைதான், ஆனால் புலி குட்டி ஈன்று வளர்க்க அது காடாகாது. ஜொகூரில் புலிக்கு எஞ்சிய முக்கியப் புகலிடம் எண்டாவ் ரொம்பின் காடே.

அன்று புலியிடமிருந்து ஊரைக் காக்க வீரர் தேவைப்பட்டனர். இன்று மனிதரிடமிருந்து புலியைக் காக்க ஆள் தேவை. மலையேறச் செல்லும் மாணவர்கள் கண்ணியைக் கண்டால் வனவிலங்குத் துறைக்குத் தெரிவிக்கலாம். புலியிறைச்சி, பல், நகம் என எதையும் வாங்காதிருக்கலாம். சின்னத்தில் நிற்கும் புலி காட்டிலும் நடமாட வேண்டாமா?