பைன் காட்டில் ஒரு நாள்

சவுக்குத் தோப்பில் காற்று அடிக்கும்போது ஒரு சத்தம் கேட்குமே, நினைவிருக்கிறதா? கடல் இரைவது போல இருக்கும். அதே சத்தத்தை இமயமலையில் கேட்டேன். ஆனால் அங்கே சவுக்கு இல்லை. பைன் மரம்.

உத்தராகண்ட் மாநிலத்தில் அல்மோரா என்று ஒரு மலை ஊர் உண்டு. அதன் பக்கத்தில் கசார் தேவி கோயில் இருக்கிறது. 2025 ஏப்ரல் மாதம் அங்கிருந்து பின்சர் காட்டுக்கு நடந்து போனோம். அங்கே அது வசந்த காலம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். குளிரில் கை விறைத்தது. எட்டு மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டோம்.

இந்த மரத்தை அங்கே 'சீர்' என்கிறார்கள். எல்லாம் பழைய மரங்கள். ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்தேன். இரண்டு கையும் சேரவில்லை. தென்னையைவிட உயரம். பட்டை தடிமனாக, வெடித்து வெடித்து இருக்கிறது. அந்தப் பட்டை இருப்பதால்தான் தரையில் ஓடும் தீயைப் பெரிய மரம் தாங்குகிறது. இலை ஊசி போல இருக்கும். மூன்று மூன்று ஊசியாகச் சேர்ந்திருக்கும். ஏறக்குறைய ஒரு சாண் நீளம்.

கோடை வந்தால் ஊசிகள் காய்ந்து கொட்டும். இதற்குப் 'பிரூல்' என்று பெயர். பாதை முழுக்க மெத்தை போலக் கிடக்கிறது. அழகுதான். ஆனால் கால் வைத்தால் வழுக்கும். நான் இரண்டு முறை விழுந்தேன்!

வழியில் சில மரங்களில் பட்டையைச் சீவிக் குவளை கட்டியிருந்தார்கள். பனையில் கலயம் கட்டுவோமே, அது போல. அதில் பிசின் வடிகிறது. பெயின்டில் கலக்கும் டர்பன்டைன் இதிலிருந்து வருகிறது. நாம் சாமிக்கு ஏற்றும் சூடமும் இன்று பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்துதான் செய்யப்படுகிறது. சூடம் எப்படிப் பற்றும் என்று உங்களுக்குத் தெரியும். காடும் அப்படித்தான் பற்றுகிறது. ஒரு பீடித் துண்டு போதும்.

2024 ஜூன் மாதம் பின்சரில் தீப்பிடித்தது. அணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் நான்கு பேர் அன்றே இறந்தார்கள். கருகிய மரங்களை நாங்களும் பார்த்தோம்.

எதிரே ஓர் அம்மா பிரூல் கட்டைத் தலையில் சுமந்து வந்தார். எங்களோடு வந்த பையன் "தீதி" என்று கூப்பிட்டான். தீதி என்றால் அக்கா. "இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். மாட்டுக்குக் கீழே பரப்புவாராம். பிறகு அது எருவாகும். 2024-ல் பிரூலைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவதாக மாநில அரசு அறிவித்தது. சேகரித்தால் காட்டில் தீ குறையும் என்பது கணக்கு. நல்ல யோசனைதான். ஆனால் செங்குத்தான மலையில் அதை வாரிச் சுமப்பது லேசான வேலை இல்லை.

"பைன் எங்களுக்கு என்ன தருகிறது? பாஞ்ச் மரம்தான் தீவனம் தரும், தண்ணீர் தரும்" என்றார் அந்த அக்கா. பாஞ்ச் என்பது ஓக் மரம். இந்தக் கோபம் பழையது. 1921-ல் வெள்ளையர் ஆட்சியின் வனச் சட்டங்களை எதிர்த்து இந்தப் பக்கத்து மக்கள் காட்டுக்குத் தீ வைத்தார்கள். எரிந்தது பெரும்பாலும் பைன் காடுதான். ஓக் காட்டில் அவர்கள் கை வைக்கவில்லை.

மேலே ஏற ஏறப் பைன் குறைந்தது. ஓக் வந்தது. நிழலும் ஈரமும் வந்தன. நடுநடுவே புராஞ்ச் மரங்களில் சிவப்புப் பூ. அதைப் பிழிந்து சர்பத் செய்கிறார்கள். புளிப்பாக, நன்றாக இருக்கிறது. உச்சியில் நின்றால் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவி சிகரம் தெரியும் என்றார்கள். அன்று எங்கோ எரிந்த புகை மறைத்துவிட்டது. மூன்று மணிக்குத் திரும்பினோம். காட்டில் சிறுத்தை உண்டு. இருட்டக் கூடாது.

கீழே பைன் சரிவில் ஓர் ஊற்று இருந்தது. கல்லால் கட்டிய சின்னத் தொட்டி. தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஏழு குடங்கள் வரிசையில் இருந்தன. கடைசிக் குடத்தின் பக்கத்தில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார்.